பொம்மைக்குப் போட்ட சட்டை

கொட்டாரத்தில் என் தையல் கடை வாசலில் கொஞ்ச நேரம் நின்றால் போதும், இந்த ஊர் எதற்கெல்லாம் பயப்படுகிறது என்று தெரிந்துவிடும். லோடு ஆட்டோவின் முன்னால் எலுமிச்சம்பழமும் பச்சை மிளகாயும் தொங்கும், பின்னால் ஒரு பிய்ந்துபோன செருப்பு தொங்கும். பேக்கரி வாசலில் படிகாரக் கட்டி, மருந்துக்கடை வாசலில் கற்றாழை, செல்போன் கடை வாசலில் நாக்கை நீட்டிக்கொண்டு ஒரு பூசணிக்காய். கைப்பிள்ளை என்றால் கன்னத்தில் மை இல்லாமல் தெருவுக்கு வராது. எனக்கு இதெல்லாம் பிடிக்காது. நாங்கள் சிஎஸ்ஐ சபைக்காரர்கள், கண்ணூறு நாவூறு என்று பேசினால் போதகர் முகம் சுளிப்பார். ஆனால் என் வீட்டுக்காரர் ஆன்ட்ரூஸ் ஸ்கூட்டரில் ஒரு கறுப்புக் கயிறு கட்டியிருக்கிறார். கேட்டால் சாவி விழாமல் இருக்கக் கட்டியது என்பார். சாவி ஒரு பக்கம் கிடக்கிறது, கயிறு இன்னொரு பக்கம் கிடக்கிறது. நான் அதற்கு மேல் கேட்டுக்கொள்வதில்லை.

இப்படிப்பட்ட நான் ஒரு திருஷ்டி பொம்மையைப் பற்றிச் சொல்ல உட்கார்ந்திருக்கிறேன் என்றால் அதற்குக் காரணம் கிருஷ்ணப்ரியா.

கிருஷ்ணப்ரியா சித்தாள். பகவதியப்பன் கொத்தனாரின் ஆட்களோடு சாந்து சுமக்கிறவள், செங்கல் எடுத்துக் கொடுக்கிறவள், காங்கிரீட் போடும் நாளில் வரிசையில் நின்று சட்டி மாற்றுகிறவள். கல்யாணமான புதிதில் அவளுக்கு இந்த வேலை இல்லை. அவள் புருஷன் ரதீஷ் மஸ்கட்டில் இருந்தான். அவளும் மகள் தன்யாவும் மாமியார் வீட்டில் ஓர் அறையில் இருந்தார்கள். முதலில் தினமும் போன் வந்தது. பிறகு வாரத்துக்கு ஒரு தடவை, பிறகு ஓணத்துக்கும் தீபாவளிக்கும் என்று ஆனது. அவன் அங்கே வேறொருத்தியோடு இருக்கிறான் என்று லீவுக்கு வந்தவர்கள் மெல்லச் சொன்னார்கள். கொழுந்தனுக்குக் கல்யாணம் முடிவானபோது மாமியார் வடிவாம்பாள் அந்த அறையைப் புதுப்பெண்ணுக்கு வேண்டும் என்று கேட்டாள். கிருஷ்ணப்ரியா ஒரு பெட்டியோடு மகளைக் கூட்டிக்கொண்டு என் கடைக்குப் பின்னால் இருக்கிற லைன் வீடுகளில் ஒன்றுக்கு வாடகைக்கு வந்தாள். மறுநாள் காலையில் பகவதியப்பன் முன்னால் போய் நின்று வேலை கேட்டாள்.

சொந்தமாக வயல் வைத்திருந்த குடும்பத்துப் பெண் சாந்துச் சட்டி சுமக்கிறாளே என்று ஊருக்கு ஒரே வருத்தம். அந்த வருத்தத்தை வைத்துக்கொண்டு யாரும் அவளுக்கு ஒரு படி அரிசி வாங்கிக் கொடுக்கவில்லை. ஊர் வருத்தம் எப்போதும் அப்படித்தான், வாயோடு முடிந்துவிடும்.

வேலைக்குப் போகத் தொடங்கிய வாரத்தில் அவள் ஓர் ஆண்பிள்ளைச் சட்டையோடு என் கடைக்கு வந்தாள். சாம்பல் நிறத்தில் கட்டம் போட்டது, ரதீஷ் விட்டுப்போன சட்டை. சித்தாள் பெண்கள் சேலைக்கு மேல் இப்படி ஒரு சட்டையைப் போட்டுக்கொள்வது வழக்கம். வெயிலும் சிமென்டும் உடம்பில் படாது, முந்தானையும் பறக்காது.

“இத எனக்கு ஆக்கித் தாங்க லீலாக்கா” என்றாள்.

“வேலைக்குப் போடுற சட்டைக்கு எதுக்குட்டி அளவு?”

“தொளதொளன்னு கெடந்தா சாரத்துல மாட்டும்லா. எனக்க அளவுக்கு இருக்கட்டும்.”

தோளைப் பிரித்துக் குறைத்தேன். கையை முழங்கைக்கு மேலே வெட்டி மடித்தேன். இரண்டு பக்கமும் நன்றாகப் பிடித்து இரட்டைத் தையல் போட்டேன். வேலைக்குப் போகிற உடுப்பு என்றால் நான் ஒற்றைத் தையல் போடுவதில்லை. எல்லாம் முடிந்து போட்டுப் பார்த்துவிட்டு, “உள்ளாற இடப்பக்கம் ஒரு பை வச்சுத் தருவியளா? போனு வைக்கணும். வேலைக்கு எடையில வந்தா தெரியணும்லா” என்றாள். யாருடைய போன் என்று நான் கேட்கவில்லை. எனக்குத் தெரியும். நெஞ்சுக்கு நேரே வருகிற மாதிரி ஒரு பை வைத்துக் கொடுத்தேன். அன்று எனக்கு அவள்மேல் பாவமாகவும் இருந்தது, கோபமாகவும் இருந்தது.

அந்தச் சட்டையைப் போட்டுக்கொண்டுதான் அவள் வருஷக்கணக்காக அடுத்தவர்களுக்கு வீடு கட்டினாள். இராஜாக்கமங்கலம் வரைக்கும் போய்க் கட்டினாள். எந்த வீடு என்றாலும் சுவர் ஆள் உயரத்துக்கு எழும்பியதும் திருஷ்டி பொம்மை கட்டுவது பகவதியப்பனின் வழக்கம். பொம்மைக்கு வைக்கோல் திணிக்கிற வேலை கிருஷ்ணப்ரியாவுக்கு வந்து சேர்ந்தது. பேன்டுக்குள் வைக்கோலை உருட்டி அடைத்து, சட்டைக்குள் குச்சியைக் குறுக்கே கொடுத்துத் திணித்து, தலைக்கு ஒரு மண்சட்டியைக் கவிழ்த்து, சுண்ணாம்பில் கண்ணும் பல்லும் போட்டு, மீசையைக் கரியால் இழுத்துவிடுவாள். அவள் செய்த பொம்மைகளுக்கு முகத்தில் ஒரு முறைப்பு இருக்கும். பார்த்தால் எனக்கே ஒரு தடவை காலைப் பின்னால் வைக்கத் தோன்றும்.

பகவதியப்பனுக்குப் பொம்மை விஷயத்தில் இரண்டு சட்டம் உண்டு. எங்கே படித்தார் என்று கேட்டால் அவருடைய அப்பா சொன்னது என்பார். “வீட்டுக்காரன் உடுத்துன துணிதான் போடணும். அவனுக்க வேர்வ அதுல இருக்கணும். அப்பத்தான் கண்ணு அவன விட்டுட்டு பொம்மையப் பிடிக்கும்.” இது முதலாவது. பொம்மையை யார் கட்டினாலும் அவிழ்க்கிறது வீட்டுக்காரனாக இருக்க வேண்டும், இது இரண்டாவது. புது வீடு புகுகிற பால்காய்ப்பு அன்று காலையில் வீட்டுக்காரன் கயிற்றை அறுத்துப் பொம்மையை இறக்கி, தெற்குப் பக்கம் கொண்டுபோய் உடுப்போடு எரித்துவிட்டு, கைகால் கழுவிக்கொண்டு வந்து வாசல்படி ஏறுவான். ஊரே நின்று பார்க்கும். கயிற்றை அறுத்தவன் பேரில்தான் அதற்குப் பிறகு ஊர் அந்த வீட்டைச் சொல்லும். பத்திரம் யார் பேரில் வேண்டுமானாலும் இருக்கட்டும். ஊர் பத்திரத்தையா வாசிக்கிறது?

கிருஷ்ணப்ரியாவின் அப்பா சாகும்போது வயல்கரையில் ஒரு துண்டு நிலத்தை அவள் பேரில் எழுதி வைத்திருந்தார். அதில் ஒரு வீடு கட்டப் போகிறேன் என்று ஒரு நாள் என் கடையில் உட்கார்ந்து சொன்னாள். இரண்டு அறை, ஓர் அடுக்களை, முன்னால் சின்னதாக ஒரு சிட்அவுட். நான் சிரித்தேன். அவள் சிரிக்கவில்லை.

“தன்யா வெவரம் தெரிஞ்சு ஒரு எடத்துல நிம்மதியா இருந்ததில்லக்கா. ஏதாவது ஒரு வாசல்ல அவ நிக்கும்போது, யாரும் எறங்கிப் போன்னு சொல்லாம இருக்கணும். அது போதும்.”

அதற்குப் பிறகு அவளை ஞாயிற்றுக்கிழமையிலும் பார்க்க முடியாது. ஆறு நாள் அடுத்தவர் வீட்டில் வேலை, ஏழாம் நாள் தன் வீட்டில் வேலை. பகவதியப்பனும் கூட இருந்த ஆட்களும் அவளுக்காக வந்தார்கள். அவள் கடைசிச் செங்கல் வரைக்கும் கூடவே நின்று சுமந்தாள். சுவர் ஆள் உயரம் வந்த அன்று பகவதியப்பன் வழக்கம்போலக் கேட்டார்.

“ரதீசுக்க பழைய சட்ட ஏதாவது கெடக்கா மக்கா?”

“வீட்டுக்காரங்க சட்டதான வேணும்?” என்று கேட்டுவிட்டு, அவள் போட்டிருந்த சாம்பல் சட்டையைப் பொத்தான் கழற்றி எடுத்துக் கொடுத்தாள். அதற்குள் வைக்கோலைத் திணித்து, வாசலுக்கு மேலே சாரக் கம்பில் கட்டித் தொங்கவிட்டார்கள். சட்டையைப் பார்த்தவர்களுக்கெல்லாம் அது ரதீஷ் சட்டை என்று தெரியும். ரதீஷ் அதைப் போட்டுக்கொண்டுதான் கல்யாணமான வருஷம் சுசீந்திரம் தேருக்கு வந்திருந்தான். இந்த ஊருக்கு எது மறந்தாலும் அடுத்தவன் சட்டை மறக்காது.

ஒரு வாரத்துக்குள் பேச்சு வடிவாம்பாளிடம் போய்விட்டது. மருமகள் உன் மகனைச் சாரத்தில் தொங்கவிட்டிருக்கிறாள், உயிரோடு இருக்கிறவனைப் பொம்மையாக்கி ஊர்க் கண்ணையெல்லாம் அவன்மேல் இழுத்துவிட்டிருக்கிறாள் என்று யாரோ ஏற்றிவிட்டார்கள். அதே வாரம் மஸ்கட்டில் ரதீஷுக்குக் காய்ச்சல் என்று தம்பிக்குப் போன் வந்ததும் சேர்ந்துகொண்டது. நான் அன்று ரவிக்கை அளவு எடுக்க அந்தப் பக்கம் போயிருந்தேன். வடிவாம்பாள் வயல் வரப்பில் தட்டுத்தடுமாறி வந்து பொம்மைக்குக் கீழே நின்று நெஞ்சில் அடித்துக்கொண்டாள்.

“ஏட்டி பிரியா, எனக்க பிள்ள ஒனக்கு என்னட்டி செய்தான்? அறுத்து எறக்குட்டி அத! அவன் அங்க காய்ச்சல்ல கெடக்கான்!”

எனக்கு வாய் நமநமத்தது. என்ன செய்தான் என்று இவள் கேட்கிறாளே என்று இருந்தது. ஆனால் அந்தக் கிழவியின் பயம் நடிப்பில்லை. கிருஷ்ணப்ரியாவும் அதைப் பார்த்தாள். சட்டியைக் கீழே இறக்கி வைத்துவிட்டு வந்து அவளைப் பிடித்துச் செங்கல் அடுக்கின்மேல் உட்கார வைத்தாள்.

“அத்த, அந்தச் சட்டைய அவங்க எத்தன நாளு போட்டாங்க? நான் எத்தன வருசம் போட்டேன்? அதுல இருக்கது யாருக்க வேர்வ?”

“சட்ட அவனுக்குள்ளதுல்லா?”

“வேர்வ எனக்குள்ளது. கண்ணு பட்டா எனக்குத்தான் படும். நீங்க பயப்படாதீங்க.”

வடிவாம்பாள் அழுகையை நிறுத்தவில்லை. கிருஷ்ணப்ரியா ஏணியைச் சாய்த்து மேலே ஏறினாள். முந்தானையை நனைத்து மண்சட்டியில் இருந்த மீசையை அழித்தாள். தன் நெற்றியில் இருந்த ஸ்டிக்கர் பொட்டை எடுத்துச் சட்டியின் நெற்றியில் ஒட்டி, அது காற்றில் போய்விடும் என்று சுற்றிலும் செங்கல் பொடியைக் குழைத்துப் பெரிய வட்டமாகப் பூசினாள். சித்தாள்கள் தலையில் சுற்றுகிற மாதிரி ஒரு துவர்த்துத் துண்டையும் சுற்றிவிட்டாள். கீழே இறங்கி வந்தபோது மேலே தொங்கியது ரதீஷ் இல்லை. சட்டை போட்ட ஒரு சித்தாள்.

“இனி அது ஆம்பிள இல்ல அத்த. நாந்தான். வீட்டுக்குப் போங்க, வெயிலு ஏறுது.”

வேலையாட்கள் சிரித்தார்கள். எனக்குச் சிரிப்பு வரவில்லை. எனக்குத்தான் இதில் நம்பிக்கை கிடையாதே, பிறகு ஏன் பயம் வந்தது என்று தெரியவில்லை. ஊர்க் கண் முழுவதையும் வேண்டி வாங்கித் தன் தலைமேல் போட்டுக்கொண்டாளே என்று அன்று ராத்திரி ஆன்ட்ரூஸிடம் சொன்னேன். அவர், “நீ விசுவாசிதான?” என்று கேட்டார். ஸ்கூட்டர் கயிற்றைப் பற்றி நான் ஆரம்பித்ததும் தூங்கிப்போனார்.

நான் பயந்த மாதிரியே ஆனது. அடுத்த மாதம் வேறொரு வீட்டு வேலையில் சாரப் பலகை வழுக்கி அவள் விழுந்தாள். கீழே மணல் குவித்திருந்ததால் உயிர் தப்பியது. வலது மணிக்கட்டு முறிந்து மாவுக்கட்டுப் போட்டார்கள். ஊர் கன்னத்தில் கைவைத்துக்கொண்டது. தன்னைத்தானே பொம்மையாகக் கட்டித் தொங்கவிட்டால் வேறு என்ன ஆகும் என்று என் கடையில் வைத்தே இரண்டு பேர் பேசினார்கள். அவர்களுடைய துணியை நான் ஒரு வாரம் தள்ளிப்போட்டுத்தான் கொடுத்தேன். பகவதியப்பனே கலங்கிப்போய் வந்தார்.

“அந்தப் பொட்ட அழிச்சிருவோம் மக்கா. ஒரு மீசைய வரஞ்சிருவோம். எனக்கு மனசு கேக்கல.”

“பலகைய யாரு கட்டுனா அண்ணே?”

“அது... புதுசா வந்த பயலுவ.”

“அப்ப பலகையப் பாருங்க. பொம்மைய ஏன் பாக்கீங்க?” என்றாள். “பொட்டு அங்கனயே இருக்கட்டும்.”

தளம் போட்ட நாளில் அவளால் சட்டி பிடிக்க முடியவில்லை. மாவுக்கட்டுக் கையை மார்போடு சேர்த்துக் கட்டிக்கொண்டு, மறுநாளிலிருந்து தளம் காயாமல் இருக்க இடது கையால் குடம் குடமாகத் தண்ணீர் ஊற்றினாள். பள்ளிக்கூடம் விட்டு வந்து தன்யாவும் கூட ஊற்றினாள். இரண்டு மழைக்காலம் போனது. வாசலுக்கு சன்ஷேடு போட்டதும் பொம்மையை அதன் அடியில் மாற்றிக் கட்டியதால் மழை அதிகம் அடிக்கவில்லை. சட்டையில் சாம்பல் நிறம் வெளிறிப்போனது. பொட்டு கரைந்து சட்டி முகத்தில் ஒரு கலங்கல் மட்டும் மிஞ்சியது. வீடு முடிந்து, வெள்ளை அடித்து, வாசலுக்கு ஒரு நல்ல கதவும் போட்டாயிற்று. பால்காய்ப்புக்கு நாள் குறித்தார்கள்.

அதற்கு ஒரு வாரம் இருக்கும்போது ரதீஷ் வந்து இறங்கினான்.

மஸ்கட்டில் அந்தப் பெண்ணோடு என்ன ஆயிற்று, வேலை என்ன ஆயிற்று என்று எனக்குத் தெரியாது. உடம்பு வைத்திருந்தான், கழுத்தில் தங்கச் சங்கிலி போட்டிருந்தான், குறை ஒன்றும் தெரியவில்லை. நேரே என் கடைக்குத்தான் வந்தான், கையில் பட்டுத்துணியோடு.

“அக்கா, பால்காய்ப்புக்கு ஒரு சட்ட தைக்கணும். நாந்தான வீட்டுக்காரன், நல்லா இருக்கணும்லா.”

“யாரு வீட்டுக்கு?” என்று கேட்டேன்.

“என்னக்கா கேள்வி இது? அவ எனக்க சட்டையப் போட்டுல்லா பொம்ம கட்டியிருக்கா. இத்தன வருசமும் எனக்க சட்டையத் தூரப் போடாம வச்சிருந்திருக்கா பாத்தேளா? அவளுக்கும் தெரியும், வீடு எனக்குள்ளதுன்னு. வந்து நானே அவுக்கணும்னு காத்துக்கிட்டு இருக்கா.”

கை நிறைய வேலை கிடக்கிறது, வேறு கடை பார் என்று அவனை அனுப்பிவிட்டேன். உள்ளே ஒரு வேலையும் இல்லை. மிஷினைச் சும்மா ஓட்டிக்கொண்டு உட்கார்ந்திருந்தேன். அவ்வளவு ஆத்திரம்.

அந்த வாரம் முழுவதும் சொந்தக்காரர்கள் கிருஷ்ணப்ரியாவிடம் வந்து போனார்கள். ஆண்பிள்ளை திரும்பி வந்துவிட்டான், மகளுக்கு அப்பன் வேண்டாமா, நாளைக்கு அவளைக் கட்டிக் கொடுக்கும்போது நாலு பேர் கேட்க மாட்டார்களா என்று ஆளாளுக்குச் சொன்னார்கள். பழையதைப் பேசாதே, அவன் கயிற்றை அறுத்துவிட்டுப் போகட்டும், நீயும் சுமங்கலியாக உள்ளே போ என்றார்கள். அவள் எல்லாருக்கும் காப்பி போட்டுக் கொடுத்தாள். பால்காய்ப்புக்கு முதல் நாள் சாயங்காலம் ரவிக்கை வாங்க என் கடைக்கு வந்தபோது நானும் பொறுக்காமல் கேட்டுவிட்டேன்.

“என்னட்டி செய்யப் போற?”

“தன்யாட்ட கேட்டேன்க்கா. அப்பா நம்மகூட வந்து இருக்கட்டுமாட்டின்னு. அவ சொல்லுகா, ‘அவங்க நம்ம வீட்டுக்கு வந்தா வரட்டும்மா, நாம அவங்க வீட்டுக்குப் போக வேண்டாம்’னு.” ரவிக்கையைப் பையில் வைத்துக்கொண்டே சொன்னாள். “நாளைக்கு அவங்க கயித்த அறுத்தா நானும் எனக்க பிள்ளயும் அவங்க வீட்டுக்குள்ளதான் போறோம். மறுபடியும் ஒருநாளு எறங்கிப் போன்னு சொல்லலாம். அது நடக்காது.”

காலையில் நான் போனபோது வெயில் இன்னும் ஏறவில்லை. வயலில் நாற்று நட்டிருந்த சமயம், எங்கு பார்த்தாலும் தண்ணீரும் பச்சையுமாக இருந்தது. வாசலில் கோலம், இரண்டு பக்கமும் குலையோடு வாழை. ஊரில் பாதி அங்கே நின்றது. தன்யா பாவாடை தாவணியில் நின்றாள். கிருஷ்ணப்ரியா புதுச்சேலையில், கையில் பால் பானையோடு நின்றாள். பகவதியப்பன் ஏணியைச் சாய்த்து வைத்துவிட்டு வெட்டுக்கத்தியோடு யாரைப் பார்ப்பது என்று தெரியாமல் நின்றார். ரதீஷ் எங்கோ ஓரிடத்தில் தைத்த பட்டுச்சட்டையில் முன்னால் வந்து கையை நீட்டினான்.

“கத்தியத் தாங்க. எனக்க சட்டையல்லா போட்டிருக்கு. நாந்தான அவுக்கணும்.”

பகவதியப்பன் கிருஷ்ணப்ரியாவைப் பார்த்தார். “சடங்குதானம்மா. அறுத்துட்டுப் போட்டும். வீடு ஒனக்குள்ளதுன்னு எங்களுக்குத் தெரியாதா?” என்றார். அவர் நல்ல மனுஷன்தான். ஆனால் அந்த நேரத்தில் எனக்கு அவரையும் பிடிக்கவில்லை.

“இல்லண்ணே” என்றாள் கிருஷ்ணப்ரியா.

பால் பானையைத் தன்யாவின் கையில் கொடுத்தாள். புதுச்சேலையின் கொசுவத்தைத் தூக்கி இடுப்பில் சொருகினாள். சாரத்தில் ஏறிப் பழகிய கால், ஏணியில் ஏறியது யாருக்கும் தெரியவில்லை, மேலே நின்றதுதான் தெரிந்தது. கயிற்றை அறுக்கவில்லை. பொம்மையின் சட்டைப் பொத்தான்களை ஒவ்வொன்றாகக் கழற்றினாள். வைக்கோல் உதிர்ந்து எல்லார் தலையிலும் விழுந்தது. சட்டையை உருவி, இரண்டு உதறு உதறிக்கொண்டு இறங்கி வந்து ரதீஷிடம் நீட்டினாள்.

“ஒங்க சட்டன்னு சொன்னீங்கல்லா. போட்டுப் பாருங்க. ஒங்களுக்குச் சேந்துதுன்னா நீங்களே ஏறி அறுங்க. நான் ஒண்ணும் சொல்ல மாட்டேன்.”

அவன் சிரித்தான். “கிறுக்கு பிடிச்சிருக்கா ஒனக்கு?” என்றான். ஆனால் யாரும் கூடச் சிரிக்கவில்லை. கூட்டத்தில் அவனுடைய தாய்மாமன்தான், “போட்டுத்தான் காட்டுலே, அதுல என்ன இருக்கு” என்று தள்ளிவிட்டார். அவன் சட்டையை வாங்கிப் பட்டுச்சட்டைக்கு மேலேயே ஒரு கையை நுழைத்தான். முழங்கைக்கு மேலே போகவில்லை. பட்டுச்சட்டையைக் கழற்றிவிட்டு, பனியனோடு மறுபடியும் நுழைத்தான். ஒரு தோளில் ஏறியது, மறு தோள் முதுகில் நின்றது. இழுத்தான். நான் என் தையலைத்தான் பார்த்துக்கொண்டு நின்றேன். ஒரு இழை பிரியவில்லை. இதைச் சொல்லக் கூடாதுதான், ஆனால் என் வேலையைப் பற்றி எனக்கு அவ்வளவு பெருமை என்றைக்கும் வந்ததில்லை.

“இதென்ன, சின்னப் பிள்ள சட்ட மாதிரி ஆக்கி வச்சிருக்கு” என்று முணுமுணுத்துக்கொண்டே கழற்றியவனின் கை உள்பக்கத்துப் பையில் மாட்டியது. வெளியே இழுத்துப் பார்த்தான். “இது எனக்க சட்டையில கெடையாதே. என்னது இது?”

“போனு வைக்கிற பை” என்றாள் கிருஷ்ணப்ரியா. “நீங்க கூப்பிட்டா வேலைக்கு எடையில தெரியணும்னு லீலாக்காட்ட சொல்லி வச்சது. ரொம்ப நாளு நெஞ்சோட வச்சிருந்தேன்.”

குரல் உயரவில்லை. அழவும் இல்லை. எனக்குத்தான் கண்ணில் தண்ணீர் வந்துவிட்டது, முந்தானையால் துடைத்துக்கொண்டேன். ரதீஷ் அந்தப் பையையே பார்த்துக்கொண்டு நின்றான். அவன் கையிலிருந்து சட்டையை வாங்கி, எந்த நாளும் வேலைக்குப் போகும்போது போடுகிற மாதிரி, அவள் புதுச்சேலைக்கு மேலே போட்டுக்கொண்டாள்.

பகவதியப்பன் பதறிப்போனார். “ஏ மக்கா, போடாத, போடாத! இந்த ஊருக் கண்ணு பூரா அதுலல்லா இருக்கு! எரிக்க வேண்டிய துணியல்லா!”

“இருந்துட்டுப் போட்டும் அண்ணே. இத்தன வருசமும் இந்தச் சட்டையோடதான எல்லாரும் என்னப் பாத்தாங்க.” மேலே இருந்து கீழே வரை பொத்தான்களைப் போட்டாள். தோள் அவளுக்கு அளவெடுத்தது போலப் படிந்து நின்றது, அளவெடுத்ததுதானே. “இனியும் பாக்கட்டும்.”

வெட்டுக்கத்தியை அவர் கையிலிருந்து எடுத்துக்கொண்டு மறுபடியும் ஏறினாள். ஒரே வெட்டு. வைக்கோல் உடம்பும் மண்சட்டியும் கீழே விழுந்தன, சட்டி உடைந்தது. தெற்குப் பக்கம் கொண்டுபோய்க் கொளுத்திவிட்டு, கைகால் கழுவி வந்து, தன்யாவிடமிருந்து பானையை வாங்கினாள். சிமென்ட் கறை படிந்த அந்தச் சட்டையோடு வலது காலை எடுத்து வைத்து வாசல்படி ஏறினாள். பால் பொங்கியதும் உள்ளேயிருந்து குலவைச் சத்தம் கேட்டது. ரதீஷ் வெளியே நின்றான். சாப்பாட்டுப் பந்தி தொடங்கும்போது அவள் வாசலுக்கு வந்து அவனைப் பார்த்துச் சொன்னாள்.

“சாப்பிட்டுட்டுப் போங்க. வந்தவங்க வயிறு காஞ்சு போகக் கூடாது.”

அவன் சாப்பிட்டான். கடைசி வரிசையில் உட்கார்ந்து, தலையைத் தூக்காமல் சாப்பிட்டான். இப்போது அம்மா வீட்டில்தான் இருக்கிறான். தன்யா பள்ளிக்கூடம் விட்டு வருகிற வழியில் சில நாள் நின்று அவனிடம் பேசுகிறாள். அதைக் கிருஷ்ணப்ரியா தடுக்கவில்லை. திங்கட்கிழமை அவள் அதே சட்டையைப் போட்டுக்கொண்டு வேலைக்குப் போனாள்.

போன வாரம் வடிவாம்பாள் வெயிலில் நடந்து வந்து என் கடை நிழலில் நின்றாள். கையில் ஒரு தூக்குவாளி, உள்ளே உளுந்தங்கஞ்சி. கழுத்து வேர்வையைத் துடைத்துக்கொண்டிருந்தாள். உட்காரச் சொன்னேன். நேரமில்லை, கஞ்சி ஆறிப்போகும் என்றாள்.

“இந்த வெயில்ல எங்க போறிய?” என்று கேட்டேன்.

கிழவி வாளியை மறு கைக்கு மாற்றிக்கொண்டு வயல் பக்கம் காட்டினாள்.

“பிரியா வீட்டுக்கு” என்றாள்.